வியாதியின் பெயரை அப்பாவிடம் யார் சொல்வது?



மூணாறு, தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலைத் தோட்டங்களிலிருந்தும், பாலக்காட்டின் கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் எல்லைக் கிராமங்களிலிருந்தும் பிழைப்புக்காக நகரம் சேர்ந்தவர்கள் உங்களில் அநேகர். கொச்சியிலோ கோவையிலோ திருப்பூரிலோ வாடகை வீட்டில் குடியிருந்துகொண்டு, ஊரிலிருக்கும் வயதான பெற்றோரை இயன்றபோதெல்லாம் சென்று பார்த்து வருகிறீர்கள். ஒரு முறை போகும்போது, பெற்ற தாயே வாசலில் நின்று, "தம்பி, நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்கிறார். அல்லது முப்பது ஆண்டுகள் கவாத்து வெட்டிய அதே மலையில் லயத்துக்குத் திரும்ப வழி தெரியாமல் நின்ற தகப்பனாரை யாரோ கைப்பிடித்து அழைத்து வந்தார்கள் என்று கேள்விப்படுகிறீர்கள்.

பிறகு மலையிறங்கித் தேனிக்கோ மதுரைக்கோ கோட்டயத்துக்கோ, பாலக்காட்டாரானால் வாளையாரைக் கடந்து கோவைக்கோ அழைத்துப் போகிறீர்கள். ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் முடிகின்றன. மருத்துவர் பிள்ளைகளை மட்டும் உள்ளே அழைக்கிறார். "டிமென்ஷியா, பெரும்பாலும் அல்சைமர் வகை" என்கிறார். வெளியே பெஞ்சில், மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு தகப்பனார் உட்கார்ந்திருக்கிறார். அப்பொழுது குடும்பத்தாரின் வாயிலிருந்து வரும் முதல் வாக்கியம் பெரும்பாலும் ஒன்றே: "டாக்டர், அப்பாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்."

அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றியே இக்கட்டுரை பேசுகிறது.

அதைச் சொல்கிறவர் கல்நெஞ்சர் அல்லர். அன்பினால்தான் சொல்கிறார். மனம் உடைந்துபோவார், சாப்பிட மாட்டார், என்ன செய்துகொள்வாரோ என்ற பயம் அவருக்கு. இந்தப் பயம் நம்முடைய நாட்டுக்கு மட்டும் உரியதுமன்று. அயர்லாந்தின் டப்ளின் நகரில், அல்சைமர் நோயாளிகளின் உறவினர் 100 பேரிடம் மருத்துவர்கள் இரண்டு கேள்விகளைக் கேட்டார்கள். நோயாளிக்கு இந்த வியாதியைத் தெரிவிக்கலாமா என்ற கேள்விக்கு, 83 பேர் வேண்டாம் என்றார்கள். இதே வியாதி உங்களுக்கு வந்தால் உங்களிடம் சொல்ல வேண்டுமா என்ற கேள்விக்கு, 71 பேர் ஆம் என்றார்கள். 1996இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இது வெளியாயிற்று. தமக்கு வேண்டும் என்று எண்ணுகிற ஒன்றைத் தம் தகப்பனுக்கு வேண்டாம் என்று நாம் தீர்மானித்துவிடுகிறோம். அந்த இரண்டு கேள்விகளையும் நீங்களும் ஒரு முறை உங்களிடம் கேட்டுப் பாருங்கள்.

சொன்னால் உடைந்துபோவார்களா என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், நினைவுப் பரிசோதனைக்கு வந்த 90 பேரின் மனநிலையை, முடிவைச் சொல்வதற்கு முன்னும் சொன்ன சில நாட்களுக்குப் பின்னும் அளந்தார்கள். சோர்வு குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை. மனக்கலக்கம் குறைந்தே இருந்தது. 2008இல் வெளிவந்த ஆய்வு இது. ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. தம்மில் ஏதோ ஒன்று தவறிப்போகிறது என்பதை முதலில் அறிகிறவர் பெரும்பாலும் அந்த மனிதரே. பல மாதங்களாக அவர் தனியே அஞ்சிக்கொண்டிருக்கிறார். பெயர் தெரியாத அந்தப் பயத்துக்கு ஒரு பெயர் கிடைப்பதே சிலருக்கு ஆறுதல்.

பெயர் இல்லாதபோது நடப்பது

நம்முடைய எல்லைப்புறத்தில் இந்த வியாதிக்குப் பெயரே இல்லை என்று சொல்ல முடியாது. பெயர்கள் அநேகம் உண்டு. "புத்தி பேதலித்துவிட்டது" என்கிறோம். இலங்கைத் தமிழர் "அறளை பெயர்ந்துவிட்டது" என்பார்கள். மலையாளிகள் "அத்தும் பித்தும்" என்பார்கள். பாலக்காட்டுக்கு அடுத்த மாவட்டமான திருச்சூரில் மனநல மருத்துவர் கே. எஸ். ஷாஜியும் அவருடைய குழுவினரும், இத்தகைய முதியோரைப் பராமரிக்கும் குடும்பத்தாரோடு பேசி ஆராய்ந்தார்கள். ஊரார் இந்நிலையை "சின்னன்" என்று அழைப்பதை அவர்கள் பதிவு செய்தார்கள். தமிழருக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. சிறு பிள்ளையாகிவிட்டார் என்பதே பொருள். நிலைமையை எல்லாரும் அறிந்திருந்தார்கள். அது ஒரு வியாதி என்பதைத்தான் அறியவில்லை. ஆகையால் நோயின் அறிகுறிகளை வேண்டுமென்றே செய்கிற சேட்டை என்று குடும்பத்தார் எண்ணினார்கள். 2003இல் வெளியான இந்த ஆய்வு நமக்கு மிக அருகில் நடந்தது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அதே திருச்சூர் மாவட்டத்துக் குன்னங்குளத்தை மையமாகக் கொண்டுதான் டாக்டர் கே. ஜேக்கப் ராய் 1992இல் இந்திய அல்சைமர் சங்கத்தை வளர்த்தெடுத்தார். நாம் திரைப்படம் பார்க்கிறவர்கள் அல்லர். எனினும் 2005இல் வந்த "தன்மாத்ரா" என்ற மலையாளப் படத்துக்குப் பிறகே அல்சைமர் என்னும் சொல் கேரளத்து வீடுகளுக்குள் நுழைந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 2023இல் வெளியான தேசிய அளவிலான கணக்கீட்டின்படி, இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதத்தினர், ஏறக்குறைய 88 லட்சம் பேர், டிமென்ஷியாவோடு வாழ்கிறார்கள். உங்கள் சபையில் வெள்ளைத் தலைகள் முப்பது இருந்தால், இரண்டு பேருக்கேனும் இது இருக்கக்கூடும்.

விசுவாசக் குடும்பங்களில் இந்த மௌனம் இன்னொரு விதமாகவும் காயப்படுத்துகிறது. அமெரிக்காவின் மயாமி நகரில் ஒரு பெரிய சபையின் போதகராயிருந்த ராபர்ட் டேவிஸ் என்பவருக்கு ஐம்பதுகளின் தொடக்கத்திலேயே அல்சைமர் என்று கண்டறியப்பட்டது. மருத்துவர்கள் அவரிடமே சொன்னார்கள். அவர் தம் சபையாரிடம் தாமே அதை அறிவித்துப் பொறுப்பிலிருந்து விலகினார். மனைவி பெட்டியின் துணையோடு தம் அனுபவத்தைப் புத்தகமாக எழுதி 1989இல் வெளியிட்டார். வாசிக்கவும் ஜெபிக்கவும் முன்போல் இயலாமற்போனதையும், வழக்கமாக உணர்ந்த ஆவிக்குரிய சந்தோஷம் உள்ளத்தில் எழும்பாமற்போனதையும் அவர் மறைக்கவில்லை.

இந்த இடத்தில் சற்று நின்று யோசியுங்கள். ஐம்பது ஆண்டுகள் அதிகாலையில் முழங்காலிட்ட ஒரு தாயார், திடீரென்று ஜெபத்தில் வார்த்தை வராமல் திணறுகிறார். பாட்டின் அடுத்த அடி மறந்துபோகிறது. அவருக்கு வியாதி என்று யாரும் சொல்லவில்லை. அவர் என்ன முடிவுக்கு வருவார்? "நான் எங்கோ பாவம் செய்தேன், கர்த்தர் என்னைக் கைவிட்டார்" என்றே எண்ணுவார். அது பாவமன்று, மூளையின் திசுக்களில் உண்டாகும் சிதைவு என்று அவருக்குத் தெரிந்தால், அந்தப் பழியையாவது அவர் தம்மேல் சுமத்திக்கொள்ளமாட்டார். மாலைநேரத்தில் அவர் கலங்கிக் கூச்சலிடுவதை அசுத்த ஆவி என்று சொல்லும் சகோதரருக்கும் இதே பதில்தான். பொழுதுசாயும் வேளையில் கலக்கம் கூடுவது இந்த வியாதிக்காரர் பலரிடம் காணப்படும் இயல்பு.

இன்னொன்று. பிள்ளைகள் தகப்பனாரிடம் சொல்லவில்லை. ஆனால் ஜெபக் குறிப்பில் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். உபவாசக் கூடுகையில் அவருடைய பெயரும் வியாதியும் வாசிக்கப்படுகின்றன. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஓர் அம்மா அன்போடு அவர் கையைப் பிடித்து, "ஐயா, உங்கள் ஞாபக வியாதிக்காக நாங்கள் எல்லாரும் உபவாசிக்கிறோம்" என்கிறார். ஊரெல்லாம் அறிந்த செய்தியைக் கடைசியாக அறிகிறவர் அவரே. அதுவும் செருப்பு கழற்றும் இடத்தில். ஆங்கிலவழிப் பள்ளியில் படிக்கும் பேரப்பிள்ளை மருத்துவச் சீட்டைக் கையிலெடுத்து உரக்க வாசித்துவிடுவதும் உண்டு. மறைத்துவைத்த உண்மை எப்படியும் அவரிடம் வந்து சேரும். மகன் சொல்லி அறிவதா, வழியிலே போகிறவர் சொல்லி அறிவதா என்பதைத்தான் நாம் தெரிந்துகொள்ள முடியும்.

ஜெபிக்கவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தமக்காக எதைக்குறித்து ஜெபிக்கிறார்கள் என்று அறிந்து, அவரும் ஆமென் சொல்லட்டும். ஜெபத்துக்குப் பின் மருத்துவரைக் கேளாமல் மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம்.

கையெழுத்து செல்லும் காலம்

மௌனத்தினால் வரும் நஷ்டங்களில் திரும்பப் பெற முடியாதது காலம். இந்த வியாதியின் தொடக்கத்தில், மனிதருக்குப் பகுத்தறியும் திறன் பெரும்பாலும் எஞ்சியிருக்கிறது. வீட்டு மனை யாருக்கு, சேமநிதிப் பணம் என்ன செய்வது, யாருடைய வீட்டில் இருப்பது என்பதையெல்லாம் அவரே சொல்லக்கூடிய காலம் அது. தோட்டத்திலிருந்து ஓய்வு பெற்றதும் லயத்தைக் காலி செய்யவேண்டிய குடும்பங்களுக்கு இது சிறிய காரியமன்று. மூணாற்றிலே உழைத்துப் போடியிலோ கம்பத்திலோ ஒரு துண்டு மனை வாங்கிப்போட்டவர்கள் எத்தனை பேர்!

அநேகர் அறியாத ஒரு சட்ட விஷயம் உண்டு. நாம் பவர் பத்திரம் என்றும் கேரளத்தார் முக்தியார் என்றும் சொல்லும் அதிகாரப் பத்திரத்தை எழுதிக் கொடுத்தவர் சித்த சுவாதீனத்தை இழந்தால், 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவின்படி அந்த அதிகாரம் முடிந்துபோகிறது. எப்போது மிகவும் தேவைப்படுமோ அப்போது அது உதவாது. ஆகையால் உயில், வங்கிக் கணக்கில் வாரிசு நியமனம், கூட்டுக் கணக்கு முதலியவற்றை அவர் தெளிவாயிருக்கும்போதே, மருத்துவரின் சான்றோடு, வழக்கறிஞரைக் கேட்டுச் செய்துகொள்வது நலம். தமக்கு என்ன வியாதி என்றே அறியாத ஒருவரிடம் போய், "இதில் கையெழுத்துப் போடுங்கள்" என்று நீங்கள் எப்படிக் கேட்பீர்கள்? கேட்டாலும், பிள்ளைகள் ஏமாற்றுகிறார்கள் என்று அவர் சந்தேகப்படமாட்டாரா? பொருளைத் திருடிவிட்டார்கள் என்ற சந்தேகம் இந்த வியாதியிலேயே சகஜம். அதற்கு நாமே விறகு அடுக்கிக் கொடுக்க வேண்டாம்.

2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, தம் வியாதியின் தன்மையையும் சிகிச்சையையும் அறிந்துகொள்ளும் உரிமையை நோயாளிக்குத் தருகிறது. தமக்குப் பிற்காலத்தில் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கவும், தமக்காகத் தீர்மானிக்க ஒரு பிரதிநிதியை நியமிக்கவும் அதில் இடமுண்டு. மனநலச் சட்டம் என்ற பெயரைக் கண்டு வெட்கப்படாதீர்கள். நினைவையும் பகுத்தறிவையும் கடுமையாகப் பாதிக்கும் கோளாறுகளும் அதன் விளக்கத்துக்குள் அடங்கும்.

சொத்து இல்லாதவருக்கும் இந்தக் காலம் விலையுயர்ந்தது. படையப்பா போன்ற காட்டு யானைகள் குடியிருப்புவரை வந்துபோகும் மூணாறு மலையில், இரவில் கதவைத் திறந்துகொண்டு வெளியே போகும் தகப்பனாரை எப்படிக் காப்பது? தம் வியாதியை அறிந்தவர், மேல்தாழ்ப்பாள் போடுவதற்கும் சட்டைப்பையில் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய அட்டையை வைப்பதற்கும் சம்மதிக்கக்கூடும். அறியாதவருக்கு அது சிறையாகவே தோன்றும்.

எப்படிச் சொல்வது?

முதலாவது, வியாதி உறுதியாகட்டும். பி12 வைட்டமின் குறைவு, தைராய்டு குறைவு, மனச்சோர்வு, கீழே விழுந்ததால் தலைக்குள் தேங்கிய இரத்தம், சிறுநீர்த் தொற்று இவையெல்லாம் முதியோரிடம் மறதியையும் குழப்பத்தையும் உண்டாக்கும். இவற்றுக்கு மருந்தும் சிகிச்சையும் உண்டு. பரிசோதியாமல் "மறதி வியாதி" என்று முத்திரை குத்துவது, மறைப்பதைவிடக் கொடியது.

நம்மவருக்கு மொழித் தடையும் உண்டு. நினைவுப் பரிசோதனை என்பது கேள்விகளால் ஆனது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உருவாகி 2000இல் வெளியான ஒரு பரிசோதனையை டாக்டர் பி. எஸ். மதுரநாத் குழுவினர் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் மலையாளத்துக்கு ஏற்றபடி மாற்றி அமைத்தார்கள். வெறும் மொழிபெயர்ப்பு போதாது என்பதனால்தான் அந்த உழைப்பு. அப்படியிருக்க, பள்ளி சென்றிராத தமிழ்த் தாயாரை மலையாளத்தில் சோதித்தால் என்னவாகும்? என்ன மாதம் என்ற கேள்விக்கு அவர் "ஆவணி" என்று சரியாகவே சொல்வார். "சிங்ஙம்" என்று எதிர்பார்க்கிறவர் அதைத் தவறு என்று குறித்துவிடக்கூடும். இரண்டும் ஒரே மாதம்! தமிழ் அறிந்தவர் ஒருவர் உடனிருக்கவேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். எல்லைக்கு அப்பால் தேனியிலோ கோவையிலோ தமிழிலேயே பார்த்துக்கொள்ளவும் செய்யலாம்.

சொல்லுவதற்கு முன் கேளுங்கள். கேரளத்தின் சாந்துவனப் பராமரிப்பு இயக்கம் 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கியது. அவ்வழியில் பழகியவர்கள், கடும் நோயாளியிடம் எதையும் கொட்டிவிடுவதில்லை. அவருக்கு எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்பதை முதலில் கேட்கிறார்கள். நீங்களும் அப்படியே ஒரு காலைவேளையில், சாயங்காலத்தில் அல்ல, தேநீர் குடித்து முடித்தபின், வீட்டில் கூட்டமில்லாதபோது தொடங்குங்கள். "அப்பா, கொஞ்ச நாளாக உங்களுக்கு மறதி அதிகமாயிருக்கிறதே, உங்களுக்கே அது தெரிகிறதா? டாக்டர் சொன்னதைச் சொல்லட்டுமா?"

"சொல்லு" என்றால் சுருக்கமாகச் சொல்லுங்கள். ஞாபகத்தைக் காக்கும் மூளையின் பகுதியில் ஒரு வியாதி வந்திருக்கிறது. டிமென்ஷியா என்பார்கள். உங்கள் தவறினால் வந்ததல்ல, பைத்தியமும் அல்ல. முழுவதும் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. சிலருக்குக் கொஞ்ச காலம் உதவும் மாத்திரை உண்டு. மெதுவாகத்தான் கூடும். நாங்கள் கூடவே இருக்கிறோம். இவ்வளவு போதும். பிறகு நீங்கள் பேசாதிருங்கள், அவர் பேசட்டும். அவருடைய முதல் கேள்வி நீங்கள் அஞ்சியதாய் இராது. "உன் அம்மாவுக்குத் தெரியுமா?" என்றோ, "நான் இனிக் கடைக்குப் போகலாமா?" என்றோ அவர் கேட்கக்கூடும்.

"எனக்கு ஒன்றுமில்லை" என்று சொன்னால் வாதாடாதீர்கள். அது பிடிவாதமாக இல்லாமலுமிருக்கலாம். தம் குறையைத் தாமே உணரும் திறனை இந்த வியாதி சிலரிடமிருந்து எடுத்துவிடுகிறது. "வேண்டாம், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்பவருக்கு அறியாதிருக்கவும் உரிமை உண்டு. அப்போது யார் பார்த்துக்கொள்ளவேண்டும் என்பதை மட்டும் அவர் வாயாலேயே கேட்டு வையுங்கள். வியாதி முற்றி, சொல்லின் பொருளே விளங்காத நிலையில் இருப்பவரிடம் பெயரைச் சொல்லிக்கொண்டிருப்பதில் பயனில்லை. அங்கே முகமும் குரலும் தொடுதலுமே பேசும்.

சொல்கிறவர் மருத்துவராகத்தான் இருக்கவேண்டுமென்பதில்லை. அவர் நம்புகிற மூத்த மகளோ, போதகரோ, பழைய தோட்டத் தோழரோ உடனிருக்கலாம். போதகர்மாருக்கு ஒரு வேண்டுகோள்: குடும்பத்தார் உங்களிடம் வந்து, "ஐயா, அவருக்குத் தெரியாமல் ஜெபியுங்கள்" என்று கேட்கும்போது, உடனே தலையசைத்துவிடாமல், ஏன் தெரியக்கூடாது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

தொலைவில் இருக்கிறவர்கள் ஆலோசனை பெறுவதற்கு, 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாக அழைக்கலாம். தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். முதியோருக்கான தேசிய உதவி எண் 14567. ஊரில் ஆஷா பணியாளரையும் பஞ்சாயத்தின் சாந்துவனப் பராமரிப்புச் செவிலியரையும் அறிமுகம் செய்துகொள்ளுங்கள். நீங்கள் நகரத்திலிருக்கும் நாட்களில் கதவைத் தட்டிப் பார்க்கிறவர்கள் அவர்களே.

இவ்வளவு பாடுபட்டுச் சொன்னதை அடுத்த வாரமே அவர் மறந்துவிடக்கூடும். அப்படி மறந்தவரிடம் ஒவ்வொரு முறையும் புதிதாய் அறிவித்துத் துக்கப்படுத்த வேண்டியதில்லை. "எனக்கு என்ன ஆயிற்று?" என்று அவராகக் கேட்டால் மட்டும், "உங்களுக்கு ஞாபகத்தில் ஒரு வியாதி இருக்கிறது அப்பா, அன்றைக்குப் பேசினோம், வீட்டுப் பத்திரத்தையெல்லாம் நீங்களே சரிசெய்து வைத்துவிட்டீர்கள்" என்று சொல்லி, அவர் கேட்கிற அடுத்த கேள்விக்குக் காத்திருங்கள்.